ஜன்னலுக்குக் கீழே நின்ற லாரி

அந்தத் தெருவில் யாரும் அலாரம் வைத்துப் படுப்பதில்லை. இருட்டு விலகுகிற நேரத்துக்குச் சேவல் கூவிவிடும். சேவல் என்று தெருவே கூப்பிட்டது ஒரு லாரி டிரைவரை. அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஜன்னல் கம்பிகள் நடுங்கும், தொட்டில் பிள்ளைகள் வீறிடும், நேரங்கழித்து வீடு திரும்பியவர்கள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அப்படி வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் இருந்தது. அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் மட்டும்தான். அதனால் அந்தப் பெயரைக் கேட்டாலே அவர் கை தானாக லைசென்சைத் தேடும்.

வண்டியைச் சூடு பண்ணுவது என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். டிரைவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான், இவரிடம் சற்று முற்றிப்போயிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு இறங்குவார். ஒரு இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு டீயை ஆற அமரக் குடிப்பார். பிரேக்குக்குக் காற்று ஏற வேண்டும், ஆயில் இன்ஜினுக்குள் சுற்றி வர வேண்டும், எல்லாம் நியாயம்தான். ஆனால் அதற்குச் சில நிமிஷம் போதும். இவரோ அரை மணி நேரத்துக்குக் குறைந்து கியரைத் தொட்டதில்லை.

“தூங்கிட்டு இருக்கவன எழுப்பி அப்படியே மூட்டைய தூக்குடான்னா தூக்குவானா? இன்ஜினும் அப்படித்தான்” என்பார். யார் போய் அவரிடம் வாதம் பண்ணுவது?

வண்டி நின்ற இடம் அவர் வீட்டு வாசல். வாசல் என்பதும் பெருமைக்குச் சொல்வதுதான். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற இடம்தான் இருந்தது. முன்னறையில் பெரிய ஜன்னல் ஒன்று. அதன் கீழே தையல் மிஷின். மிஷினுக்குப் பின்னால் அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மா. கல்யாணமான புதிதில் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்த புருஷனும் பிறகு அதையே வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பதில் அவளுக்கு நல்ல பெயர். காலர் தைத்தாளென்றால் கத்தி மாதிரி நிற்கும். மிஷினில் உட்கார்ந்தால் அவளுக்குப் பேச்சு வராது, பாட்டு வரும். பாட்டு என்று அவள்தான் சொல்லிக்கொள்வாள். கேட்டவர்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

பழைய லாரி இருந்த காலத்தில் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது. வெள்ளைத் துணியை விரித்தால் போதும், கரி வந்து உட்காரும். சட்டை வாங்க வந்த தாய்மார்கள் தோள்பட்டையைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். அவள் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கிழிசல் துணியைத் திணித்து, பட்டப்பகலில் பல்ப் வெளிச்சத்தில் தைத்தாள். அப்படியும் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. முதலில் வெறும் இருமல் என்றார்கள். பிறகு மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புகைப் பக்கமே போகாதீர்கள் என்றார். புகைதான் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறதே, அவள் எங்கே போவாள்?

சேவலுக்கு வண்டிதான் உயிர் என்று தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் அந்த வண்டியையே விற்றபோதுதான் உயிர் எது என்று தெரிந்தது. விற்றார், வாயைக் கட்டினார் வயிற்றைக் கட்டினார், புது லாரி ஒன்றை எடுத்தார். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் உள்ள வண்டி. அதில் ஊற்றுவது யூரியாவைச் சுத்தமான நீரில் கரைத்த திரவம். டிரைவர்கள் பாஷையில் யூரியா தண்ணி. வண்டி அதைப் புகைக்குழாய்க்குள் பொடித் துளிகளாகத் தெளிக்கும், அது புகையில் இருக்கிற நச்சு வாயுவைச் சாதாரணக் காற்றாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும் என்று விற்றவர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எப்போது மாற்றும் என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. புது வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் காதில் அதெல்லாம் எங்கே ஏறப்போகிறது?

வண்டி வந்த மறுநாள் காலையில் தெருவே வேடிக்கை பார்த்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போது சேவல் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் புகைக்குழாயின் வாயில் பிடித்தார். டெய்லரம்மா வெட்டி வைத்திருந்த சட்டைத் துணி அது. வெகுநேரம் பிடித்துவிட்டு விரித்துக் காட்டினார். ஒரு பொட்டுக் கரி இல்லை.

“பாத்துக்கோங்கய்யா! பொண்டாட்டிக்காக எடுத்த வண்டி இது. இனிமே நம்ம வீட்டு ஜன்னல் மூடாது.”

இடுக்கில் திணித்திருந்த கிழிசல்களை அவரே பிடுங்கி எறிந்தார். துருப்பிடித்த கொக்கியைத் தட்டித் திறந்து, இரண்டு கதவையும் சுவரோடு அறைந்தார். முன்பெல்லாம் இரண்டு முழம் தள்ளித்தான் வண்டியை நிறுத்துவார். அன்றிலிருந்து ஜன்னலை ஒட்டியே நிறுத்த ஆரம்பித்தார். புகைக்குழாய் சரியாக மிஷினுக்கு நேர் கீழே வந்தது. டெய்லரம்மா சிரித்தபடி வெள்ளைத் துணியை மடியில் விரித்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். காலையில் அவர் கிளம்பும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். உள்ளே அவள், வெளியே அவர், நடுவில் கம்பி, இரண்டு கம்பிக்கு நடுவே டீ டம்ளர் கைமாறும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசிய நேரம் அந்த அரை மணிதான். மீதி நேரமெல்லாம் அவர் ரோட்டில்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. அல்லது நன்றாகப் போகிறது என்று அவர் சொன்னார், அவளும் ஆமாம் என்றாள். குளிர்காலம் வந்ததும் இருமல் திரும்பியது. குளிருக்கு இன்ஜின் இன்னும் கூடச் சூடாக வேண்டும் என்று அவர் வண்டியை முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். அவளுக்கு இழுப்பு காலையில்தான் அதிகமாக இருந்தது. மத்தியானம் தணியும், மறுநாள் காலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். டாக்டருக்கே குழப்பம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை. விறகு அடுப்பா? இல்லை. அப்படியானால் துணியிலிருந்து பறக்கும் பஞ்சும் நூல் தூசியுமாகத்தான் இருக்கும் என்றார்.

“அப்ப மிஷின மூடிடு” என்றார் சேவல். “என் ஒருத்தன் சம்பாத்தியம் போதாதா?”

பாதியில் நின்ற சட்டைகளைத் தைத்து முடித்தாள். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்தாள். மிஷினைப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து எடுத்துப்போனாள். அன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரியும், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. மிஷின் போன இடத்தில் நாற்காலியைப் போட்டு அவள் ஜன்னலருகே சும்மா உட்கார்ந்தாள். காலையில் வழக்கம்போல டம்ளர் கைமாறியது.

துணியை விட்டும் இழுப்பு விடவில்லை. ஒரு நாள் காலையில் அவர் கிளம்பிப் போன சிறிது நேரத்துக்கெல்லாம் அவள் உதடு நீலம் பூத்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்த பிறகுதான் உயிர் நின்றது. சேவல் சரக்கை நடுவழியில் வேறொரு வண்டிக்கு மாற்றிவிட்டு அலறியடித்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் டாக்டர் அவரைத் தனியே அழைத்தார். “வீட்டுல ஏதோ ஒண்ணு அவங்க நெஞ்ச அரிச்சுக்கிட்டே இருக்கு. அது என்னன்னு தெரியாம நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை இப்படி வந்தா என் கையில இல்ல” என்றார். அந்தக் கடைசி வார்த்தை அவரைப் போட்டு அறுத்தது. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு மூலையையும் முகர்ந்தார். பாயை உதறினார், பழைய மெத்தையைத் தூக்கித் தெருவில் எறிந்தார், சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். லாரியை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் சுத்தமான வண்டி ஆயிற்றே.

லாரிதான் அவரைத் தன் பக்கம் திருப்பியது. அவள் குணமாகும் வரை வண்டியை லாரி ஷெட்டில் விட்டுவிடலாம் என்று எடுத்தபோது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணையாமல் நின்றது. அவர் நேராக மச்சினனின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். மச்சினன் டெய்லரம்மாவின் தம்பி, லாரி மெக்கானிக். மாமாவைக் கேலி பண்ணாமல் அவனுக்குப் பொழுது போகாது. அன்றைக்கு அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவனும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். இருந்தாலும் கையில் வேலை வந்ததும் கொஞ்சம் தெளிந்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் புகைக்குழாயைக் கழற்றினான்.

உள்ளே வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். கல் மாதிரி ஒரு துண்டு பெயர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

“என்ன மாமா, வண்டிக்குள்ள உப்பளம் வச்சிருக்கீங்களா?”

“என்னடா அது?”

“யூரியாதான். தெளிச்சா அது ஆவியாகணும். அதுக்குக் குழாய் நல்லா கொதிக்கணும். லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல முக்கி ஏறும்போது கொதிக்கும். வண்டி நின்ன எடத்துல சும்மா உறுமிட்டு இருந்தா எப்படிக் கொதிக்கும்? அரைகுறைச் சூட்டுல தெளிச்சதுதான் இப்படி உறைஞ்சு போச்சு. முழுக் குளிர்ச்சின்னா தெளிக்கவே தெளிக்காது. அந்தப் புத்தி வண்டியோட கம்ப்யூட்டருக்கு இருக்கு.”

“தெளிக்காதப்போ?”

“தெளிக்காதப்போ என்ன, உள்ள இருக்கறத அப்படியே வெளிய விடும்.”

சேவலுக்குக் கோபம் வந்தது. “சும்மா ஒளறாத. நான் துணி பிடிச்சுப் பாத்தேன். ஒரு பொட்டுக் கரி இல்ல.”

“கரிய முன்னாடியே ஃபில்டர் பிடிச்சுக்கும் மாமா. அது வேற, இது வேற. நான் சொல்றது வாயு. அது கண்ணுக்குத் தெரியாது, துணியில ஒட்டாது. நேரா நெஞ்சுக்குள்ளதான் போகும். ரோட்டுல ஓடுறப்போ இந்த வண்டி தங்கம். நின்னு சூடாகுற நேரத்துல இதுக்கும் உங்க பழைய வண்டிக்கும் அந்த விஷயத்துல பெரிய வித்தியாசம்…”

அவன் கையிலிருந்த கல்லைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். காலையில் அந்த வண்டி எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ தடவை அவனே வந்து அந்த ஜன்னல் கம்பி வழியாக அக்காவிடம் டீ வாங்கிக் குடித்திருக்கிறான். துணி பிடித்துக் காட்டிய அன்று, மாமா மாதிரி ஆம்பிள்ளை உண்டா என்று தெரு நடுவில் நின்று கை தட்டியவனும் அவன்தான். தொழில் தெரிந்தவன், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் தோன்றவில்லை. பட்டறையில் இருக்கும்போது இருக்கிற புத்தி சொந்த அக்கா வீட்டு வாசலில் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

சேவல் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். துணி மேல் பழியைப் போட்டு மிஷினை அனுப்பி வைத்தது ஞாபகம் வந்தது. குளிர் என்று முக்கால் மணி நேரம் ஓடவிட்டது ஞாபகம் வந்தது. ஜன்னலைத் தன் கையாலேயே திறந்தது ஞாபகம் வந்தபோது எழுந்து பட்டறைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார்.

“அக்காகிட்ட நான் சொல்லட்டுமா மாமா?” என்று மச்சினன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி கேட்டான்.

“வேணாம். நான்தான் சொல்லணும்.”

ஆஸ்பத்திரிக்கு அவர் பஸ்ஸில் போனார். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனார். வாயாடி என்று பெயரெடுத்த மனுஷன், ஒரு வாக்கியம் கூட்டத் தெரியாமல் தடுமாறினார். வார்டில் வரிசையாகக் கட்டில்கள். அவள் கட்டில் கோடியில், சுவரோரம். தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய். பக்கத்துக் கட்டில்காரியின் பிள்ளை சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் திருட்டு வேலையில் மாட்டிக்கொண்டவள் போலச் சட்டையைப் போர்வைக்குள் தள்ளினாள்.

“தைக்கலைங்க. ஒரே ஒரு பொத்தான்தான்.”

அவர் சட்டையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தை. நல்லா தை. துணியால இல்ல.”

பிறகு சொன்னார். முன்னும் பின்னுமாக, உறைந்த கல்லையும் கொதிக்காத குழாயையும் ஒட்டாத வாயுவையும் குழப்பிக் குழப்பிச் சொன்னார். சொல்லி முடித்தபோது வியர்த்திருந்தது. அவள் அழுவாள், அல்லது திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். எதுவானாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் ஊசியைப் பத்திரமாகப் போர்வையில் குத்தி வைத்தாள்.

“எனக்குத் தெரியுங்க” என்றாள்.

“என்ன தெரியும்?”

“இந்தத் தண்ணி, கல்லு, அதெல்லாம் தெரியாது. ஆனா வண்டி நின்னா நெஞ்சு அடைக்கும். நீங்க கிளம்பிப் போனா கொஞ்சம் விடும். கண்ணு கூட எரியும். முதல் வாரத்துலயே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?” என்று அவர் கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “எப்படிச் சொல்றது? தெருவக் கூட்டி வச்சு எனக்காக எடுத்த வண்டின்னு சொன்னீங்க. துணிய விரிச்சுக் காட்டினப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். கல்யாணத்தன்னிக்குக் கூட நீங்க அப்படிச் சிரிக்கல.” நிறுத்தி, இரண்டு தடவை இழுத்து மூச்சு விட்டாள். “அதுவும் போக, ஜன்னல மூடிட்டா காலையில உங்கள எங்க பாக்கறது?”

சேவல் அழுதார். சத்தமாக, வெட்கமில்லாமல், தோள் குலுங்க அழுதார். தெருவையே எழுப்பிய மனுஷன் அழுதால் வார்டுக்குக் கேட்காதா? நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அவர் மேல் கோபம் உண்டு, கேட்க வேண்டியதைக் கேட்காத மனுஷன். அவள் மேலும் உண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள். ஆனாலும் அந்த நேரத்தில் யார்தான் அந்த இரண்டு பேரையும் ஒரு வார்த்தை சொல்ல முடியும்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார். “இனிமே வண்டி தெருவுக்குள்ள வராது. பாலத்துக்கு அந்தப் பக்கம் காலி மைதானம் இருக்குல்ல, அங்க நிறுத்திக்கறேன். பிரேக்குக்குக் காத்து ஏறினதும் எடுத்துட்டுப் போயிடுவேன், நிக்க வச்சு ஓட்ட மாட்டேன். தெருவுல வண்டி விடற மத்த டிரைவருங்க காலையும் பிடிச்சு, இங்க நிறுத்த வேணாம்னு கேக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லி உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். காலையில உன்கூட உக்காந்து டீயக் குடிச்சிட்டு அப்புறமா நடந்து போறேன்.”

அவள் கண் விரிந்தது. ஏதோ பெரிய ஆபத்தைக் கேள்விப்பட்டவள் போலக் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். குழாய் இழுத்தது. அவர் பதறிப்போய் அவளைச் சாய்த்துப் பிடித்தார்.

“பாலத்துக்கு அந்தப் பக்கமா?” என்றாள் மூச்சு வாங்க. “அவ்வளவு தூரமா? தினமுமா? வேணாங்க. உங்களுக்கு முட்டி வலிக்கும்.”